ரவிக்கைத் துண்டும் நெசவாளர் கூலியும்

சில வாரங்களுக்கு முன் நமது சங்கத்தின் விற்பனை நிலையத்திற்கு ஓர் அம்மையார் வந்திருந்தார். கையில் இரண்டு துணிகள். ஒன்று, அங்கேயே வாங்கிய அரக்கு நிறப் பருத்திச் சேலை. மற்றொன்று, அதற்கென்று அதே நாளில் அதே மேஜையில் அளந்து வாங்கிய துணியில் தைத்த ரவிக்கை. தையற்காரர் குறையில்லாமல் தைத்துக் கொடுத்திருந்தார். ஆயினும் வீட்டு வாசலில் நின்று உடுத்திப் பார்த்தபோது, சேலை செம்மையாகவும் ரவிக்கை சற்றே ஊதாவாகவும் தெரிந்ததாம். "கடையில் பார்த்தபோது இரண்டும் ஒன்றாகத்தானே இருந்தன?" என்று அவர் கேட்டார். அங்கிருந்தவர்களில் ஒருவராலும் விடை சொல்ல இயலவில்லை. தைத்த துணியைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் விதியில்லை. அவர் சண்டை போடவில்லை. துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். சண்டை போட்டிருந்தால் எனக்கு இவ்வளவு வருத்தம் இருந்திராது.

இதை ஒரு சில்லறை விஷயம் என்று தள்ளிவிடுவோர் உளர். ஒரு ரவிக்கைத் துண்டைப் பற்றி நான்கு பக்கம் எழுத வேண்டுமா என்று அங்கத்தினர் சிலர் கேட்கவும் கூடும். எழுத வேண்டும் என்பதே என் அபிப்பிராயம். ஏனெனில் இத்தகைய புகார் ஒவ்வொன்றும் கைமாறிக் கைமாறி இறுதியில் வந்து விழுவது தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்திருப்பவர் தலையின்மேல்தான். "நிற வேறுபாடு" என்று பதிவேட்டில் இரண்டு சொற்கள் எழுதப்படுகின்றன. அந்தச் சேலைக்குரிய கூலியில் ஒரு தொகை பிடிக்கப்படுகிறது. நூலைச் சாயம் தோய்த்தவர் நெசவாளர் அல்லர். நூலைத் தேர்ந்து வாங்கியவரும் அவரல்லர். வாடிக்கைக்காரருக்குத் துணியைக் காட்டி விற்றவரும் அவரல்லர். ஆயினும் பிடித்தம் அவர் கூலியில்தான். இது நமது சங்கத்தில் மட்டும் உள்ள வழக்கம் என்று நான் சொல்ல வரவில்லை. எங்கிருந்தாலும் இது நியாயமன்று.

நிறம் ஏன் சேராமற் போகிறது என்பதை முதலில் பார்ப்போம்.

நிறம் என்பது துணியில் மட்டும் இருப்பதன்று. வெளிச்சத்தில் ஒரு பகுதியைச் சாயம் விழுங்கிக் கொள்கிறது. மிஞ்சியதைத் திருப்பி அனுப்புகிறது. திரும்பி வருவதையே நாம் நிறம் என்கிறோம். வெளிச்சம் மாறினால் திரும்பி வருவதும் மாறும். ஒரே சாயக் கலவையில் தோய்ந்த இரு துணிகள் எந்த வெளிச்சத்திலும் ஒன்றாகவே மாறும், ஆகவே சண்டையில்லை. ஆனால் சேலை ஒரு வகைச் சாயத்திலும் ரவிக்கைத் துணி வேறு வகைச் சாயத்திலும் தோய்ந்திருக்குமானால், இரண்டும் ஒரு விளக்கின்கீழ் ஒட்டிப் பிறந்தவை போலவும், பகல் வெளிச்சத்தில் அன்னியர் போலவும் தோன்றக்கூடும். சாயத்தொழிலில் உள்ளவர்களுக்கு இது பழைய செய்தி. ஆலையில் நூற்ற நூல் என்றும் தறி நூல் என்றும் பாராமல், எந்தச் சாயப்பட்டறையிலும் இது நேரும். பழைய மஞ்சள் பல்பின்கீழ் கருநீலமும் கறுப்பும் பிரித்தறிய முடியாதபடி ஒன்றிப் போனதை நம்மில் முதியோர் யாவரும் கண்டிருக்கிறோம். குழல் விளக்கு வந்தது; இப்போது எல்.இ.டி. விளக்கு வந்திருக்கிறது. விளக்கு பளிச்சென்று எரிவதால் நிறமும் சரியாகத் தெரியும் என்று எண்ணுவது தவறு. சில விளக்குகளில் செம்மைப் பகுதி குறைந்தும் நீலப் பகுதி மிகுந்தும் இருக்கும். அரக்கு, கத்தரிப்பூ, காப்பிக்கொட்டை முதலிய நிறங்கள்தாம் இதில் அதிகமாக ஏமாற்றுகின்றன.

வெள்ளையில் தொல்லையே இராது என்று நினைக்க வேண்டாம். ஆலைத் துணிகளில் வெண்மை கூட்டும் பொருளைச் சேர்க்கிறார்கள். அது வெயிலிலுள்ள, கண்ணுக்குத் தெரியாத ஊதாக் கதிரை வாங்கி, நீல ஒளியாக வெளியிடும். அதனால் வெளியில் சென்றால் ரவிக்கை பளீரென்று மின்னும். பக்கத்தில் நமது கோராச் சேலை அழுக்கேறியது போல் தோன்றும். சேலையில் அழுக்கில்லை; பக்கத்திலுள்ள துணியின் குறும்பு அது.

ஆகவே துணி பொருத்திப் பார்க்க வேண்டிய இடம் கடையின் உள்ளே அன்று, தாழ்வாரத்தில். அயல்நாட்டு நூல்களில் "வடக்கு நோக்கிய சாளரத்தின் வெளிச்சம் உத்தமம்" என்று எழுதியிருக்கும். அவர்கள் ஊரில் சூரியன் வடக்கே வருவதில்லை. ஆகையால் அது சரி. நம் நாட்டில் சித்திரைப் பிற்பகுதி முதல் ஆடி வரையில் நண்பகற் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கிறது. வடக்குச் சாளரத்தில் நேர் வெயிலே அடிக்கும். நமக்கு ஏற்றது நிழல் விழுந்த திறந்த தாழ்வாரம், காலை பத்து மணிக்கு மேல் மாலை மூன்று மணிக்குள். எதிரே பச்சை வர்ணம் பூசிய சுவரோ சிவப்பு ஓலைப்பந்தலோ இருந்தால் அந்த நிறமும் துணிமேல் படியும் என்பதையும் கவனிக்க வேண்டும். ஒரு மேஜை, அதன்மேல் ஒரு சாம்பல் நிறத் துணி. இதற்கு ஆகும் செலவு எவ்வளவு?

இரண்டாவது கோளாறு பெயரில் இருக்கிறது. "மயில் கழுத்து", "ராமர் பச்சை", "ஆனந்தா நீலம்", "எம்.எஸ். புளூ", "மாந்துளிர்", "வெங்காயத் தோல்" என்று நம் தொழிலில் வழங்கும் பெயர்கள் அழகானவை, அவற்றை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் காஞ்சிபுரத்துச் சாயக்காரர் நினைக்கும் எம்.எஸ். புளூவும் ஆரணிச் சாயக்காரர் நினைக்கும் எம்.எஸ். புளூவும் ஒன்றாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் ஏதும் இல்லை. மாந்துளிரோ, மரத்திலேயே காலையில் ஒரு நிறம், நான்கு நாள் கழித்து ஒரு நிறம். பெயரைத் தொலைபேசியில் சொல்லி நூலுக்கு ஆர்டர் கொடுப்பதும், கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பி "இதே நிறம்" என்று கேட்பதும் பெருகிவிட்டன. படத்தின் நிறம் எடுத்தவர் கருவியையும் பார்ப்பவர் கருவியையும் பொறுத்தது. மாதிரி நூல் ஒரு முழம் கையிலிருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

மயில் கழுத்தைப் பற்றித் தனியே ஒரு வார்த்தை. பாவு நீலமும் ஊடை பச்சையுமாக நெய்வதால்தான் அந்தத் துணி அசையும்போது நிறம் மாறி மாறிப் பொலிகிறது. இதற்கு ஒரே நிறத்தில் தோய்த்த துணியைத் தேடிக் கடை கடையாக அலைவது வீண் பிரயாசை; உலகத்தில் அப்படி ஒன்று இல்லை. அதே தறியில் நெய்த துண்டுதான் சேரும். அதிலும், தையற்காரர் துணியை மிச்சப்படுத்த எண்ணி உடற்பகுதியைப் பாவின் போக்கிலும் கையை ஊடையின் போக்கிலும் வெட்டினாரானால், ஒரே ரவிக்கையில் உடல் ஒரு நிறமாகவும் கை ஒரு நிறமாகவும் தெரியும். பிறகு, "உங்கள் துணியில் இரண்டு சாயம்" என்று நம்மிடம் வருவார்கள். விற்கும்போதே "எல்லாவற்றையும் ஒரே போக்கில் வெட்டச் சொல்லுங்கள்" என்று ஒரு சீட்டு வைத்தால் போதும்.

மூன்றாவது கோளாறு நம் கண்ணைச் சேர்ந்தது. இதைக் கண்டுபிடித்த கதை சுவையானது. பாரிஸ் நகரத்துக் கோபலின் நெசவுச்சாலை சித்திரத் திரைகளுக்குப் பேர்போனது. 1824-இல் அங்கே சாயப் பகுதிக்குத் தலைவராக செவ்ரூல் என்னும் இரசாயன அறிஞர் நியமனம் பெற்றார். கறுப்பு நூலுக்குப் போதிய கறுமை இல்லை, நீலத்தின் நிழற்பகுதிகளில் நெய்தால் வெளிறிப் போகிறது என்று நெசவாளர் புகார் கூறினர். அவர் வேறு பட்டறைகளின் கறுப்பு நூலை வரவழைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். தம் பட்டறைக் கறுப்பு எதற்கும் இளைத்ததாக இல்லை. குற்றம் சாயத்தில் இல்லை. அருகிலுள்ள நீலம் கறுப்பின் தோற்றத்தையே மாற்றிவிடுகிறது என்று அவர் தெளிந்தார். பல்லாண்டு சோதனை செய்து 1839-இல் அதைப் புத்தகமாக வெளியிட்டார். புகார் வந்தவுடன் சாயக்காரர் கூலியில் கைவைக்காமல், முதலில் ஒப்பிட்டுப் பார்த்தார் என்பதை நம் நிர்வாகக் குழுவினர் கவனிக்க வேண்டுகிறேன்.

நமது கோர்வைச் சேலைகளில் இதைத் தினமும் காணலாம். ஒரே அரக்கு நூல், பச்சைக் கரையின் அருகில் சிவந்து எழும்பும். குங்குமச் சிவப்புக் கரையின் அருகில் மங்கி அடங்கும். வாடிக்கைக்காரர் சேலையின் நடுவில் ரவிக்கைத் துணியை வைத்துப் பார்க்கும்போது இந்த மயக்கம் அவரையும் பிடிக்கும், விற்பவரையும் பிடிக்கும். இதற்கு எளிய உபாயம் ஒன்று உண்டு. சாம்பல் நிற அட்டையில் இரண்டு அங்குல இடைவெளி விட்டு இரண்டு சதுரத் துளைகள் வெட்டிக் கொள்க. ஒரு துளையில் சேலையும் மறு துளையில் ரவிக்கைத் துணியும் மட்டும் தெரியுமாறு வைத்துப் பார்த்தால் கரையின் மாயம் ஒழியும். சேர்ந்தது சேர்ந்ததாகவும் சேராதது சேராததாகவும் தெரியும்.

இவை யாவும் கடையில் நேர்வன. பட்டறையிலும் தறியிலும் நேர்வது வேறு. அதைப் பற்றித்தான் நான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

சிட்டநூலைக் கையால் தோய்க்கும்போது ஒரு தொட்டியில் எடுத்தது போல் மறு தொட்டியில் எடுப்பது எவ்வளவு கைதேர்ந்தவருக்கும் கடினம். தண்ணீரின் கடுமை, சூடு, நேரம், உப்பின் அளவு, நூல் முன்கூட்டி நன்றாக நனைந்ததா என்பது, பிழிந்த விதம் ஆகிய இவற்றில் எது சற்று மாறினாலும் நிறம் மாறும். ஈர நூல் எப்போதும் கருத்தே தெரியும். காய்ந்த பின்னரே உண்மை வெளிப்படும். காஸ்டிக் சோடா ஏற்றிப் பளபளப்பாக்கிய நூல் அதே தொட்டியில் அதே சாயத்தைக் கூடுதலாகக் குடிக்கும். சாதா நூல் குறைவாகக் குடிக்கும். ஆகவே ஒரு தொட்டியில் ஒரு முறை தோய்த்தது ஒரு ஈடு. மறுமுறை தோய்த்தது மற்றோர் ஈடு. இரண்டும் ஒன்றேபோல் இருக்கலாம். ஒன்றல்ல என்று எண்ணிக்கொண்டே கையாள வேண்டும்.

நடப்பது என்ன? பத்து இராத்தல் கட்டு, அதாவது இன்றைய கணக்கில் சுமார் 4.5 கிலோ, இருப்பு அறைக்கு வருகிறது. பழைய ஈட்டில் அரைக்கட்டு மீதம் இருக்கிறது. இரண்டும் "அரக்கு" என்று ஒரே அலமாரியில் ஏறுகின்றன. நெசவாளருக்கு எடை போட்டுக் கொடுக்கும்போது இதிலிருந்து கொஞ்சம், அதிலிருந்து கொஞ்சம். எடை சரியாக இருக்கிறது. பதிவேடும் சரியாக இருக்கிறது. வேறுபாட்டை முதன்முதலில் அறிகிறவர் யார் தெரியுமா? வீட்டில் இராட்டையில் தார் சுற்றும் பெண்மணி. ஒரு தாரையும் மறு தாரையும் கூடையில் அடுத்தடுத்துப் போடும்போதே அவருக்குத் தெரிந்துவிடும். ஆண்களில் நூற்றுக்குச் சிலருக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்தறியும் பார்வை பிறவியிலேயே குறைவு. பெண்களிடையே அக்குறை மிக அரிது. அப்படியிருக்க, நூல் பார்வையிடும் வேலை எங்கும் ஆண்களிடமே இருப்பது எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கிறது. போகட்டும். அந்தப் பெண்மணி, "இந்த நூல் வேறாக இருக்கிறதே" என்று சொன்னாலும், நெசவாளர் என்ன செய்வார்? நூலைத் திருப்பிக் கொண்டுபோனால் ஒரு நாள் கூலி போயிற்று. மாற்று நூல் கிடைக்கும்வரை தறி சும்மா நிற்கும். "என்ன பெரிய வேறுபாடு" என்று நெய்துவிடுகிறார். சேலையின் நடுவில் முழ அகலத்திற்கு ஒரு பட்டை விழுகிறது; அல்லது சேலை ஓர் ஈட்டிலும் ரவிக்கைத் துண்டு மற்றோர் ஈட்டிலும் அமைகிறது. பிறகு பிடித்தம்.

இதற்குக் கைவசம் உள்ள முறைகளை நெசவாளரும் அறிவர். ஈடு கலந்தே தீர வேண்டிய நிலை வந்தால், இரண்டு நாடாக்களில் இரண்டு ஈட்டு ஊடையையும் வைத்து இரண்டிரண்டு இழையாக மாற்றி மாற்றிப் போட்டால் பட்டை விழாது. இரண்டும் கலந்து ஒரு புது நிறமாகத் தோன்றும். ஆனால் இதற்கு நேரம் அதிகம். அந்த அதிக நேரத்துக்குக் கூலி உண்டா என்று கேட்டால் காரியாலயத்தில் பதில் இல்லை.

சாயப்பட்டறை நம் ஊரிலேயே இருந்தால் நேரில் நின்று பார்த்துக் கொள்ளலாமே என்பர் சிலர். அந்தக் காலம் போய்விட்டது. போனதும் ஒருவாறு நல்லதே. நொய்யலாறு பட்ட பாட்டை உழவர் அங்கத்தினர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி உத்தரவிட்டது அந்தக் கழிவுநீரின் பொருட்டே. சுத்திகரிப்பு வசதி உள்ள இடத்திலேயே சாயம் தோய்க்க வேண்டும். அது தொலைவில்தான் இருக்கும். தொலைவில் தோய்ப்பதனால்தான் மாதிரி நூல் நம் கையில் இருக்க வேண்டும் என்கிறேன்.

பருத்தி விளைவிக்கும் அங்கத்தினர்களும் இதைத் தமக்குச் சம்பந்தமில்லாத பேச்சு என்று பக்கத்தைப் புரட்டிவிடக் கூடாது. முற்றாத காயிலிருந்து வரும் பஞ்சின் இழை சாயத்தைச் சரியாக வாங்குவதில்லை. கருநீலத் துணியில் எள் தெளித்தாற் போல் வெள்ளைப் புள்ளிகள் தெரிவது பெரும்பாலும் அதனால்தான். கடைசி எடுப்பில் இத்தகைய பஞ்சு மிகும். அதை முதல் எடுப்போடு கலந்து எடை கூட்டுவதில் கிடைக்கும் லாபம் தறியில் நஷ்டமாகிறது. இதனினும் பெரிய தொல்லை உரச்சாக்கு. பிளாஸ்டிக் சாக்கில் பருத்தியைத் திணித்து வாயைப் பிளாஸ்டிக் கயிற்றால் கட்டும்போது நார் நாராகப் பிரிந்து பஞ்சில் கலந்துவிடுகிறது. பருத்திச் சாயம் எதுவும் அந்த நாரில் ஏறாது. வெள்ளை நூலில் ஒளிந்திருந்து, சாயம் தோய்த்தபின் வெளிப்பட்டுச் சிரிக்கும். பருத்தி எடுக்கவும் கட்டவும் பருத்தித் துணியையே பயன்படுத்தினால் இத்தொல்லை அடியோடு போகும். நமது சங்கமே கிழிந்த பாவுத் துணிகளிலிருந்து அத்தகைய பைகளைத் தைத்துக் கொடுக்கலாமே.

இனி, நான் கோருவது இது. ஒவ்வோர் ஈட்டு நூலிலிருந்தும் மூன்று சிறு முடிச்சு எடுத்து, ஈட்டு எண் எழுதிய அட்டையில் கட்ட வேண்டும். ஒன்று சாயப்பட்டறையில், ஒன்று விற்பனை நிலையத்தில், ஒன்று நெசவாளரின் கைப்புத்தகத்தில் இருக்கட்டும். அட்டைகளைச் சுவரில் மாட்டி அழகு பார்க்கக் கூடாது. வெயில் பட்டு அட்டையே வெளுத்துப் போகும். பெட்டியில் இருளில் வைக்க வேண்டும். ஒரு பாவுக்கும் அதன் ஊடைக்கும் ஒரே ஈட்டு நூல் கொடுக்க வேண்டும். 5.5 மீட்டர் சேலையோடு அதே தறியில் 80 சென்டிமீட்டர் ரவிக்கைத் துண்டும் நெய்ய வேண்டும். அதற்குரிய கூலி தனியாகக் கணக்கில் ஏற வேண்டும். "நிற வேறுபாடு" என்று எழுதுமுன் துணியை நெசவாளர் கைப்புத்தகத்து முடிச்சோடு தாழ்வாரத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். முடிச்சும் துணியும் ஒத்திருந்தால் பிடித்தம் கூடாது.

இதற்கு ஆட்சேபணைகள் உண்டு. ஈடு ஈடாகப் பிரித்து வைக்க இடம் வேண்டும். ஒவ்வோர் ஈட்டிலும் துக்கடா நூல் மிஞ்சும். மிஞ்சியது முதலை முடக்கும் என்று காரியதரிசி சொல்வார். அவர் சொல்வது பொய்யன்று. வரவு செலவைச் சரிக்கட்டும் கவலை அவருக்கு. ஆனால் துக்கடா நூல் கட்டம் போட்ட துண்டுக்கும், கோடு போட்ட ஜமக்காளத்துக்கும், பைத்துணிக்கும் ஆகும். அங்கே பல நிறம் இருப்பதே அழகு. முழுச் சேலையில் ஈடு கலந்து விற்காமல் கிடப்பதைக் காட்டிலும் அது மேலான முடக்கம். எல்லாம் செய்த பிறகும் வேறுபாடு முற்றும் ஒழியும் என்று நான் வாக்களிக்கவில்லை. ஒருவர் ஏழு ஆண்டு உடுத்தி வெளுத்த சேலைக்கு இன்று புதுத் துண்டு கேட்டால் எந்த முடிச்சும் உதவாது.

நகரங்களில் "மேட்சிங் சென்டர்" என்று பெயர்ப் பலகை மாட்டி, டூ பை டூ ரூபியாவை நூறு நிறங்களில் அடுக்கி வைத்திருக்கும் கடைகளைக் கண்டு நம்மவர் சிலர் மலைக்கிறார்கள். அவர்கள் நூறு நிறம் வைப்பது, சேலையோடு துண்டு இல்லாததால். நாம் சேலையோடு துண்டு கொடுத்தால் நூறு நிறம் நமக்குத் தேவையில்லை.

வீட்டில் தைக்கும் அங்கத்தினர் மனைவிமார்க்கும் மக்கட்கும் சில குறிப்புகள் சொல்லலாம். தையல் நூலைக் கண்டோடு வைத்து நிறம் பார்க்க வேண்டாம். ஓர் இழையைப் பிரித்துத் துணிமேல் குறுக்கே இட்டுப் பாருங்கள். கண்டில் கருத்துத் தெரிவது தனி இழையில் வெளுத்துத் தெரியும்; ஆகவே சற்றே கருத்த நூல் துணியில் மறைந்துவிடும், வெளுத்த நூல் பளிச்சென்று காட்டிக் கொடுக்கும். உள்துணியை முன்கூட்டி நனைத்து உலர்த்தி விடுங்கள். சிவப்பும் நீலமும் வெள்ளையோடு சேர்த்துத் தைக்குமுன், ஓரத்தில் ஒரு துணுக்கை நனைத்து வெள்ளைத் துணிகளுக்கிடையே வைத்து இஸ்திரி போட்டால் சாயம் நிற்குமா ஓடுமா என்பது உடனே தெரியும். 1960-களில் அமெரிக்காவில் மதராஸ் கட்டத் துணியின் சாயம் கசிவதையே ஒரு சிறப்பாகச் சொல்லி விற்றார்களாம். அந்தச் சாமர்த்தியம் நம் ஊரில் செல்லாது.

வரும் மகாசபைக் கூட்டத்தில் கூலிப் பிடித்தத்தைப் பற்றிய தீர்மானத்தை நான் எழுதிக் கொடுக்க உத்தேசித்திருக்கிறேன். பிடித்தம் கொடுத்த அங்கத்தினர்கள் தத்தம் கைப்புத்தகத்தையும், இயன்றால் அந்தச் சேலையில் மிஞ்சிய நூல் ஒரு முடிச்சையும் கொண்டுவந்தால் உதவியாக இருக்கும். கூட்டம் மாலையில் வைப்பது வழக்கம். இம்முறை முற்பகலில் வைக்கும்படி டைரக்டர்களைக் கேட்டிருக்கிறேன். விளக்கு வெளிச்சத்தில் அந்த நூலைக் காட்டிப் பயனில்லை.